மேல் அலமாரிப் பூட்டு

இல்லம்மா, கடிக்காது. கடிக்கறதுக்கு இங்க நாயே இல்லையே, பாருங்க, வெறும் கயிறு. நாய் உள்ள இருக்கு, என்னமோ டெஸ்ட் எடுக்கறாங்க. கயித்தைப் பாத்தே இப்படி ஒதுங்கினா எப்படி, நல்லா சாஞ்சு உக்காருங்க. மடியில என்ன டப்பா? ஆமையா! நெஜமாவா? அட, ஆமைக்கெல்லாம் கூட டாக்டர் இருக்காங்களா. என்ன பண்ணுதாம்? சாப்பிட மாட்டேங்குதா. குடுத்து வெச்சவங்க நீங்க. எங்க வீட்ல தீனிதான் பிரச்சனையே.

அதோ, அந்தக் கண்ணாடிக் கதவுகிட்ட நெட்டையா நிக்கறாரே, ட்ராக் பேண்ட், கழுத்துல விசில், அவர்தான் எங்க வீட்டுக்காரர். ஸ்கூல்ல பி.டி. மாஸ்டர். சிரிக்காதீங்க, ஆஸ்பத்திரிக்கும் விசிலோடதான் வருவாரு. கல்யாணத்தன்னிக்கு எப்படித்தான் கழட்டினாரோ தெரியல. இப்ப என்ன பண்றாரு, கண்ணைத் தொடைக்கறாரா? தொடைக்கட்டும். நல்லா தொடைக்கட்டும். அது தெரியணும்னுதான் இந்த மூலை சீட்டா பாத்து உக்காந்தேன்.

என்னடா இது, இந்தப் பொம்பளை இப்படிப் பேசறாளேன்னு பாக்கறீங்க. பாருங்க, பரவாயில்ல. உங்க ஆமை டோக்கன் வர்றதுக்குள்ள சொல்லி முடிச்சிடுவேன். யார்கிட்டயாவது சொல்லலன்னா எனக்கு நெஞ்சு வெடிச்சிடும் போல இருக்கு. தெரிஞ்சவங்ககிட்ட சொன்னா அவங்க போய் அவர்கிட்டயே சொல்லிடுவாங்க. உங்களுக்கு நான் யாரோ, எனக்கு நீங்க யாரோ.

நாய்க்கு என்னன்னா, குஷிங்னு ஒரு வியாதி. பேர்லதான் குஷி. மூளைக்கு அடியில பட்டாணி மாதிரி ஒரு சுரப்பி இருக்காமே, அதுல ஒரு கட்டி. அது உடம்பை விரட்டிட்டே இருக்கும். ஏதோ புலி தொரத்தற மாதிரி உடம்பு எந்நேரமும் ஒரு ஹார்மோனை ஊத்திட்டே இருக்குமாம். அதனால பசி. சாதாரணப் பசி இல்லம்மா, இப்பத்தான் சாப்பிட்டிருப்போம், உடனே அடுத்ததுக்குக் கை... வாய் போகும். தாகமும் அப்படித்தான். தண்ணியைக் குடிச்சுக் குடிச்சு வீடு பூரா ஒண்ணுக்குப் போவா. வயிறு தொங்கிடும், கால் மட்டும் சூம்பிப் போகும், முடி கொட்டும், தோல் காகிதம் மாதிரி ஆயிடும்.

மாத்திரை இருக்கு, குடுத்துட்டுத்தான் இருக்கோம். ஆனா இவளுக்குக் கட்டி பெருசாயி மூளையை அழுத்த ஆரம்பிச்சிடுச்சு. ஹால்ல ஒரே எடத்துல சுத்திச் சுத்தி வர்றா. அப்புறம் போய் சுவத்துல நெத்தியை முட்டுக் குடுத்துட்டு நிக்கறா. கூப்பிட்டாத் திரும்பறதில்ல. நான்தான் போய்த் திருப்பி விடணும்.

அதுக்குத்தான் கரண்ட் வைக்கலாம்னு சொல்றாங்க. ஆமாம்மா, மனுஷங்களுக்குப் புத்துநோய்க்கு வைப்பாங்களே, அதேதான். நாய்க்கும் இருக்கு. தலைக்கு நேரா மெஷினை வெச்சு அந்தக் கட்டியைச் சுருக்கறது. ஒவ்வொரு தரமும் மயக்க மருந்து குடுக்கணும், ஆடாம அசையாம படுக்கணுமே. கார்த்தால வெறும் வயித்துல கூட்டிட்டு வரணும். பசி வியாதிக்காரியை வெறும் வயித்துல! தெருவையே கூட்டிடுவா. வெச்சப்புறம் தெளியற வரைக்கும் இங்கயே உக்காந்திருந்து தூக்கிட்டுப் போகணும். ஒரு நாள் ரெண்டு நாள் இல்ல, வாரக்கணக்குல. நடுவுல வாந்தி எடுத்தாலோ சோர்ந்து படுத்தாலோ உடனே மாத்திரையை நிறுத்திட்டு ஓடி வரணும். இவ்வளவு பண்ணியும் சிலதுக்கு நல்லா சுருங்கி வருஷக்கணக்குல ஓடுமாம். சிலதுக்குப் பிரயோஜனமே இருக்காதாம். மயக்கத்துலயே போயிடறதும் உண்டுன்னு அந்தப் பொண்ணு ஒளிக்காம சொல்லிட்டா. பொண்ணுன்னா டாக்டர்தான். என் பொண்ணை விட ரெண்டு வயசு பெரியவளா இருந்தா ஜாஸ்தி, ஆனா கெட்டிக்காரி.

அவ என்ன பண்ணா தெரியுமா? அவர் பாட்டுக்குப் பண்ணிடுங்க டாக்டர், என்ன ஆனாலும் பண்ணிடுங்கன்னு குதிச்சிட்டிருந்தாரு. அவ அவரைப் பாக்கவே இல்ல. நேரா என்னைப் பாத்து, சார் வேலைக்குப் போயிடுவாரு, வீட்ல பாத்துக்கறது நீங்கதானேம்மா, நீங்க சரின்னு சொன்னாத்தான் நான் ஆரம்பிப்பேன், யோசிச்சு சொல்லுங்கன்னுட்டா.

அவ்வளவுதான். முடிவு என் கைக்கு வந்துடுச்சு. எங்க வீட்ல ஜன்னல் திரை என்ன கலர்ங்கறதைக் கூட என்னைக் கேட்டு வாங்கினதில்ல. இப்ப அவர் உசுரையே தூக்கி என் மடியில போட்டுட்டா. ஆமா, அவர் உசுருதான் அந்த நாய். பொண்ணு கல்யாணமாகிப் போனப்புறம் அவர்தான் தூக்கிட்டு வந்தாரு. பழுப்பு கலர்ல, நீளக் காது, குட்டைக் கால். அது விசில் சத்தம் கேட்டா ஓடி வந்து உக்காரும், அதுலயே அவருக்குக் கொள்ளை சந்தோஷம். நான் விசிலுக்கு வர மாட்டேன் இல்ல.

பதிலா? இன்னும் சொல்லலம்மா. யோசிக்கறேன் யோசிக்கறேன்னு இழுத்துட்டே இருக்கேன். இன்னிக்குக் கேட்டே ஆகணும்னு அந்தப் பொண்ணு வரச் சொல்லியிருக்கா.

கையைப் பாக்கறீங்களா? இல்லம்மா, அய்யய்யோ, அடிக்க மாட்டாரு. ஒரு நாளும் கை ஓங்கினதில்ல, அந்தப் பழியை நான் போட மாட்டேன். கதவு மூலையில லேசா பட்டாலே எனக்கு இப்படிக் கன்னிப் போயிடுது. அவர் அடிக்கற அடி தோல்ல தெரியாது. வாயாலதான் அடிப்பாரு, அதுவும் சிரிச்சுக்கிட்டே.

எனக்கு உடம்பு இப்படி ஆகி மூணு நாலு வருஷம் இருக்கும். அதுக்கு முன்னாடி நான் கொத்தவரங்கா மாதிரி இருப்பேன், நீங்க நம்ப மாட்டீங்க. என்ன ஆச்சோ, மூஞ்சி உப்பிடுச்சு, வயிறு முன்னாடி வந்துடுச்சு, கழுத்துக்குப் பின்னாடி சதை மேடு கட்டிடுச்சு. அவருக்கோ உடம்புதான் தொழில். குண்டா இருக்கறவங்க எல்லாம் அவரைப் பொறுத்த வரைக்கும் சோம்பேறி, மனசுல உறுதி இல்லாதவங்க. ஸ்கூல்ல குண்டுப் பசங்க பாவம். வீட்ல நான். அப்புறம் நாய்க்கும் வயிறு தொங்க ஆரம்பிச்சதா, எஜமானியைப் பாத்து நாயும் கத்துக்கிச்சுன்னாரு. பேரு வெச்சிட்டாரு. அது சின்ன மூட்டை, நான் பெரிய மூட்டை. ஃபோன்ல, தெருவுல, வந்தவங்க போனவங்க முன்னாடி, எங்கயும் அதே பேருதான். என் சொந்தப் பேரு எனக்கே மறந்து போற மாதிரி ஆயிடுச்சு.

நாயை எப்படி எடை போடுவாங்க தெரியுமா? ஆமைன்னா நீங்க அப்படியே வெச்சிடலாம். நாய் மெஷின்ல நிக்காதே. அதனால நாம தூக்கிக்கிட்டு ஏறணும், அப்புறம் தனியா ஏறி நம்ம எடையைக் கழிக்கணும். ஞாயித்துக்கிழமை ஆனா இதுதான் எங்க வீட்ல வேலை. அவர் தூக்கிட்டு ஏறலாம் இல்ல? மாட்டாரு. என்னைத்தான் ஏறச் சொல்வாரு. ஒரே வேலையில ரெண்டு மூட்டையையும் போட்டுடலாமாம். குனிஞ்சு முள்ளைப் பாத்து, ஓட்டப் பந்தயத்துல டைம் சொல்ற மாதிரி கத்திச் சொல்வாரு. ஒரு ஞாயித்துக்கிழமை என் கொழுந்தனார் குடும்பத்தோட வந்திருந்தாரு. அன்னிக்காவது விடுவாருன்னு பாத்தா, இல்ல. நாயோட ஒரு தரம், நாய் இல்லாம ஒரு தரம். கழிச்சுப் பாத்துட்டு, சின்ன மூட்டை பரவாயில்லப்பா, பெரிய மூட்டைதான் கைய மீறிப் போயிடுச்சுன்னாரு. எல்லாரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன்மா. அவங்க சிரிச்சது கூட ஆறிடுச்சு. நான் சிரிச்சேன் பாருங்க, அதுதான் இன்னும் எரியுது.

அப்புறம் பூட்டு. எங்க சமையல்கட்டுல கீழ் அலமாரியில நாய் பிஸ்கட் இருக்கும். மேல் அலமாரியில நாம சாப்பிடற பிஸ்கட், ரொட்டி, முந்திரி, எல்லாம். பசி தாங்காம நாய் கீழ்க் கதவை மூக்காலயே தொறக்கக் கத்துக்கிச்சு. சரின்னு ஒரு பூட்டு வாங்கக் கடைக்குப் போனவரு, ரெண்டு பூட்டு வாங்கிட்டு வந்தாரு. மேலயும் ஒண்ணு போட்டுட்டு, இது யாருக்குன்னு நான் சொல்ல வேண்டியதில்லன்னு சிரிச்சாரு. சாவி ரெண்டையும் அந்த விசில் கயித்துல கோத்துக்கிட்டாரு. இங்கேர்ந்தே தெரியுது பாருங்க, மினுக்குதே, விசிலுக்குப் பக்கத்துல.

தண்ணிக் கிண்ணத்தையும் எடுத்து உசரத்துல வெச்சிட்டாரு, ஹால்ல ஒண்ணுக்குப் போறான்னு. அது நாக்கைத் தொங்கப் போட்டுட்டு அண்ணாந்து பாத்துட்டே நிக்கும். அவர் அந்தப் பக்கம் போனதும் நான் சொம்புல தண்ணி எடுத்துக் காட்டுவேன். மத்தியானம் அவர் கிரவுண்டுல விசில் ஊதிட்டிருப்பாரு, நான் தெருமுனைக் கடையில ரெண்டு பன்னு வாங்கிட்டு வந்து, சமையல்கட்டுத் தரையில உக்காந்து ஆளுக்கு ஒண்ணு தின்போம். திருடிங்க மாதிரி. சிந்தினது கூட இருக்காது, அவ நக்கியே தொடைச்சிடுவா. அந்த அரை மணி நேரம்தான்மா எனக்கு நாள்.

டாக்டர்கிட்டயா, நானா? கேட்டேனே. போன வருஷம் கேட்டேன். என்னங்க, மாடிப்படி ஏற முடியல, தொடையில பலமே இல்ல, தூக்கமும் வரல, ஒரு டாக்டரைப் பாக்கலாமான்னு. என்ன சொன்னாரு தெரியுமா? டாக்டர் எதுக்கு, வாயைக் கட்டு, எல்லாம் சரியாப் போயிடும். அதோட சரி. நானும் அப்படித்தான் போலன்னு நெனச்சேன். தப்பு என் வாயிலதான்னு நெனச்சேன். எத்தனையோ நாள் வாயைக் கட்டிப் பாத்தேன், முடியல, அழுதுக்கிட்டே தின்னிருக்கேன்.

நாய் சுவத்துல முட்டிட்டு நின்னதும்தான் அவருக்குப் பயம் வந்துச்சு. அன்னிக்கே லீவு போட்டுட்டு, தூக்கிட்டு ஓடி வந்தாரு. நானும் கூட வந்தேன். அந்த டாக்டர் பொண்ணு ஒவ்வொண்ணா கேட்டா. தண்ணி ஜாஸ்தியா குடிக்குதா? ஆமா டாக்டர். எவ்வளவு போட்டாலும் பசிக்குதா? ஆமா டாக்டர். வயிறு தொங்குதா, கால் ஒல்லியாச்சா, படி ஏறத் தயங்குதா, தோல் மெலிசாயி லேசா பட்டாலே கன்னிப் போகுதா? எல்லாத்துக்கும் ஆமா போட்டாரு. அவ எழுதறதை நிறுத்திட்டு சொன்னா, சார், இது பெருந்தீனி இல்ல, இது வியாதி. பசி இவளோடது இல்ல, கட்டியோடது. இவளைத் திட்டி, பட்டினி போட்டு ஒண்ணும் ஆகப் போறதில்லன்னு. நான் பின்னாடி ஸ்டூல்ல உக்காந்திருந்தேன். எனக்குக் குப்புன்னு வேர்த்துச்சு. ஏசி ரூம்தான், ஆனா ஜாக்கெட் முதுகெல்லாம் நனைஞ்சு போச்சு.

வீட்டுக்கு வந்தோம். வந்ததும் வராததுமா ஹால்ல மண்டி போட்டாரு. எத்தனை பசங்களை மண்டி போட வெச்சவரு, அன்னிக்குத் தானே போட்டாரு. நாய் மூஞ்சியை ரெண்டு கையாலயும் ஏந்திக்கிட்டு ஒரே அழுகை. மன்னிச்சிடுடா தங்கம், உன் மேல தப்பே இல்லடா, உன்னைப் போய் மூட்டைன்னு கூப்பிட்டேனே, உன் வாய்க்குப் பூட்டுப் போட்டேனே, நான் மனுஷனாடான்னு. நெஜமான அழுகைதான்மா, நடிக்கல. அது என்ன பண்ணும்? மூஞ்சி பூரா நக்கிச்சு. அவங்களுக்குள்ள அதோட தீந்து போச்சு.

நான் சமையல்கட்டு வாசல்ல நின்னுட்டிருந்தேன். கால் வலிக்குது, உக்காரணும் போல இருக்கு, ஆனா உக்காரல. இப்பத் திரும்புவாரு, இப்பத் திரும்புவாருன்னு நின்னேன். டாக்டர் கேட்ட அத்தனை கேள்வியும் அவர் காதுல இன்னும் விழுந்துட்டுத்தானே இருக்கும், என்னைப் பாத்தா ஒரு நிமிஷம் தோணாதா? திரும்பினாரு. மூக்கை உறிஞ்சிட்டு, பெரிய மூட்டை, அவளுக்குக் கொஞ்சம் தண்ணி எடுத்துட்டு வான்னாரு.

எடுத்துட்டுப் போய்க் குடுத்தேன். வேற என்ன பண்றது.

அன்னிக்கே கீழ் அலமாரிப் பூட்டைக் கழட்டித் தூக்கிப் போட்டுட்டாரு. மேல் பூட்டு? அது அப்படியே தொங்குது. இன்னிக்கும் தொங்குது. நாய்க்கு மேல் அலமாரி எட்டாதும்மா. நீங்க அந்தக் கயித்தை நல்லாப் பாத்தீங்கன்னா, ரெண்டு சாவி இருந்த எடத்துல இப்ப ஒண்ணுதான் இருக்கும்.

அதுலேர்ந்து எனக்குள்ள என்னமோ மாறிடுச்சு. இத்தனை நாள் எனக்குக் கோவம் வந்தா அழுகையா வெளிய போயிடும். இது போகல. உள்ளயே உக்காந்துக்கிச்சு.

அப்பத்தான் அந்தப் பொண்ணு முடிவை என்கிட்ட குடுத்தா. ஐயோ, அப்புறம் பாக்கணுமே கூத்தை! கார்த்தால எழுந்தா டீ ரெடியா இருக்கு. இவ்வளவு வருஷத்துல அவருக்கு டீத்தூள் டப்பா எதுன்னே தெரியாது. உன் கால் எப்படி இருக்குன்னு விசாரிப்பு. டிவி ரிமோட்டை என் கையில குடுக்கறாரு. சாயந்தரம் வந்ததும் பக்கத்துல உக்காந்து, என்ன முடிவு பண்ணேன்னு குழைஞ்சு குழைஞ்சு கேக்கறது. நான் ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டு, யோசிக்கறேங்க, அவளுக்கும் வயசாயிடுச்சு இல்லன்னு ஒரு பெருமூச்சு விடுவேன். அவர் மூஞ்சி சுருங்கும் பாருங்க. அதைப் பாத்தா எனக்கு அப்படி இனிக்கும். சொல்லக் கூடாது, ஆனா இனிச்சுது. ராத்திரி சாப்பாடு கூட எனக்குக் கொஞ்சமாப் போதும்னு இருந்துச்சு, அந்த மூஞ்சியே வயித்தை ரொப்பிடுச்சு.

ஒரு நாள் கண்ணாடி முன்னாடி நின்னு சொல்லிப் பாத்தேன். வேணாங்க, கரண்ட்டும் வேணாம் ஒண்ணும் வேணாம். மனசுல உறுதி இல்லாத ஜென்மம், தின்னு தின்னு ஏத்திக்கிச்சு. டாக்டர் எதுக்கு? ஒரு ஊசி போட்டுத் தூங்க வெச்சிடலாம். எல்லாம் அவர் என்னைச் சொன்ன வார்த்தைதான், ஒண்ணு கூட நான் புதுசாச் சேக்கல, கடைசியில அந்தத் தூங்க வெக்கறதைத் தவிர. சொல்லச் சொல்ல நல்லா வந்துச்சு. இதைச் சொல்லிட்டா அந்த மனுஷன் ஒடைஞ்சு போயிடுவாரு. வாழ்நாள் பூரா ஒவ்வொரு வார்த்தையும் குத்தும். சரி, இன்னிக்குச் சாயந்தரமே சொல்லிடறதுன்னு கூட வெச்சிட்டேன்.

அப்பப் பாத்து அந்தச் சனியன் சுத்திச் சுத்தி வந்து, என் கால்ல இடிச்சு, நின்னுடுச்சு. சுவருன்னு நெனச்சிடுச்சு போல. நெத்தியை என் முட்டியில வெச்சு அழுத்திட்டு அப்படியே நிக்குது. நான் நகந்தா விழுந்துடும். நகராம நின்னேன். எவ்வளவு நேரம்னு தெரியல, எனக்குத்தான் நிக்கவே முடியாதே, ஆனா நின்னேன். அதோட மண்டை சூடா இருந்துச்சு. அதுக்குள்ள ஒரு கட்டி உக்காந்துக்கிட்டு, தின்னு தின்னுன்னு அதட்டிட்டு இருக்கு, அதுக்கு இவ என்ன பண்ணுவா? அவளைக் கொன்னு அவரைப் பழி வாங்க எனக்கு மனசு வரல. அதுக்காக அவரைச் சும்மா விடவும் மனசு வரல. நல்ல பொம்பளையா இருந்தா விட்டிருப்பா. நான் விட மாட்டேன்.

இன்னிக்கு சரின்னுதான்மா சொல்லப் போறேன். ஆமா, கரண்ட் வைக்கட்டும். நேத்தே அவர்கிட்ட ஒரு நிபந்தனை போட்டுட்டேன். நான் சரின்னு சொல்லணும்னா, எல்லாம் நீங்கதான் பண்ணணும். கார்த்தால பட்டினி போட்டுக் கூட்டிட்டுப் போறது, தூக்கிட்டு வர்றது, மாத்திரை, வாந்தி, ஒண்ணுக்குத் தொடைக்கறது, அத்தனையும். என்னை ஒண்ணுக்கும் கூப்பிடக் கூடாதுன்னேன். அப்படியே என் கையைப் பிடிச்சிட்டாரு. ஸ்கூல்ல லீவு எழுதிக் குடுத்துட்டு வந்துட்டாரு. மாத்திரை எது எப்பன்னு நான்தான் கேள்வி கேட்டுக் கேட்டு மனப்பாடம் பண்ண வெச்சேன். அதெல்லாம் இப்ப நல்லா பண்ணுவாரு, நாய்க்குக் கொறை வைக்க மாட்டாரு. அப்பக் கூட விடல பாருங்க, என்ன, பெரிய மூட்டைக்கு ஓய்வு வேணுமாக்கும்னு சிரிச்சாரு. ஆமாங்க, வேணும்னேன்.

இவ்வளவு நாள் ஏன் இழுத்தேனா? அவர் கெஞ்சறதைப் பாக்கறதுக்கா? அதுவும்தான். ஆனா அது மட்டும் இல்ல. சரின்னு முதல் வாரமே மனசுல முடிவு பண்ணிட்டேன். அந்த டாக்டர் பொண்ணுகிட்ட தனியா ஃபோன்லயும் கேட்டுட்டேன், கொஞ்சம் தள்ளிப் போனா நாய்க்கு ஏதாவது ஆயிடுமான்னு. மாத்திரை ஒழுங்காக் குடுத்தா இந்த மாசம் தாங்கும், அதுக்கு மேல தள்ளாதீங்கன்னா. எனக்கு ஒரு தேதி வர வேண்டியிருந்துச்சு. அதுக்காகத்தான் காத்திருந்தேன். முந்தாநாள்தான் வந்துச்சு. வர்ற திங்கக்கிழமை. இங்க கேட்டேன், இங்கயும் திங்கக்கிழமை மெஷின் காலியா இருக்குன்னாங்க.

கூப்பிடறாங்களா? ஆமா, எங்களைத்தான். இதோ வந்துட்டேன்மா! கொஞ்சம் கை குடுங்களேன், இந்த சோஃபா தாழ்வா இருக்கா, எழுந்திரிக்க முடியல. டப்பாவைக் கீழ வெச்சிட்டே குடுங்க, நான் கனம். அப்படித்தான். இல்லம்மா, வயசெல்லாம் இல்ல, நாப்பத்தெட்டுதான்.

எனக்கும் அதே வியாதிதான். நாய்க்கு இருக்கற அதே எடத்துல, அதே கட்டி. அன்னிக்கு இந்த டாக்டர் பொண்ணு ஒவ்வொண்ணா கேட்டப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு, எங்க அக்காவோட போய்ப் பெரிய ஆஸ்பத்திரியில காட்டினேன். மூக்கு வழியாப் போய் எடுக்கணுமாம், திங்கக்கிழமை ஆபரேஷன். அவருக்குத் தெரியாது. அன்னிக்கு அவர் இதே சோஃபாவுல உக்காந்துக்கிட்டு, உள்ள நாய் கண்ணு முழிக்குதா முழிக்குதான்னு பாத்துட்டிருப்பாரு. என்னை உள்ள தள்ளிட்டுப் போனதும் அக்கா அவருக்கு ஃபோன் பண்ணுவா. என்ன வியாதின்னு மட்டும் சொன்னாப் போதும்க்கா, வெளக்க வேண்டாம், அவருக்கு எல்லாம் தெரியும்னு சொல்லி வெச்சிருக்கேன்.